இருபத்து மூன்றாம் பெட்டியிலிருந்து

செய்தி வந்தபோது பெட்டிக்காரர் பட்டறையில் தன் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் நெற்றியில்தான் இருந்தது. அவர் மனைவி அதைப் பார்த்தும் சொல்லாமல், பசை டப்பாவைக் கலக்கியபடி ரசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆன பிறகு ஒரு மனுஷிக்கு வீட்டுக்குள் கிடைக்கிற வேடிக்கை இவ்வளவுதான். போன் அடித்தது, அவர் எடுத்தார். மறுமுனையில் தேன்காரரின் மனைவி. பேசவில்லை, கத்தினாள். பட்டறையின் மறுகோடியில் நின்றவளுக்கும் கேட்டது.

“அண்ணே, உங்க பெட்டி பிரிஞ்சு போச்சுண்ணே! தூக்குறாரு, மூலை அப்படியே வாயைப் பிளந்துக்கிச்சு. அடை, தேன், ஈ எல்லாம் அவர் மேலயே கொட்டிப்போச்சு.”

“முகத்துக்கு வலை போடலையாம்மா?”

“போட்டிருந்தாரு. அடை வந்து இடிச்சதுல வலை கழண்டு போச்சு. முகம் எது கழுத்து எதுன்னு தெரியலண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போறோம்.”

போனை வைத்துவிட்டுப் பெட்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“பால் மாதிரி வெள்ளையா இருக்கும்போதே எனக்கு மனசு ஒப்பல.”

பசையைச் சொல்கிறார். அந்தப் பசையைத் தேடிப்பிடித்து, சோதித்து, அவரோடு மல்லுக்கு நின்று பட்டறைக்குள் கொண்டுவந்தவள் அவள். அவளுக்கு அந்த வீட்டில் பெயரே பசைக்காரி என்றுதான். அவர் வைத்த பெயர். கொஞ்சலில் ஆரம்பித்து, நாளாவட்டத்தில் தெருவுக்கே அதுதான் அவள் பெயர் என்றாகிவிட்டது.

தெருவின் கடைசி வீடு அவர்களுடையது. முன்னால் ஒரு அறை, நடுவில் சமையல்கட்டு, பின்னால் தகரம் போட்ட பட்டறை. மழை வந்தால் தகரத்தின் இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. இருவருக்கும் மனஸ்தாபம் இருக்கிற நாட்களில் அது பெரிய உபகாரம். அங்கே தேனீப் பெட்டிகள் மட்டும்தான் செய்தார்கள். ஒரு பெட்டிக்கு நான்கு பலகை. ஒவ்வொரு பலகையின் முனையிலும் சதுரம் சதுரமாகப் பல் வெட்டவேண்டும். இந்தப் பலகையின் பல் அந்தப் பலகையின் இடுக்கில் போய்ச் சிக்கென்று உட்காரவேண்டும். வெட்டுவது அவர், கோத்து ஒட்டுவது அவள். ஆணி அடிப்பதில்லை. தேன்காரர் பூ இருக்கிற இடமெல்லாம் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர். குலுங்குகிற குலுக்கலில் ஆணி பலகையைப் பிளந்துவிடுகிறது, அப்புறம் துருப்பிடிக்கிறது, வேண்டவே வேண்டாம் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். ஆக, ஒரு பெட்டி நிற்பதும் விழுவதும் பல்லிலும் பசையிலும் இருந்தது.

அவள் வேலை படு சுத்தம். பசை தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு பல்லையும் இடுக்கையும் கட்டைவிரலால் அழுத்தித் துடைப்பாள். மரத்தூள் ஒரு பொட்டு இருந்தாலும் அங்கே பசை பிடிக்காது. துணியால் துடைத்தால் நூல் ஒட்டிக்கொள்ளும், தூரிகையால் தட்டினால் தூள் இடுக்குக்குள் போய் ஒளிந்துகொள்ளும். கட்டைவிரலுக்கு ஈடில்லை என்பது அவள் கட்சி. “என் வீட்டுக்காரி பெட்டிக்குப் பல் விளக்கிவிட்டாத்தான் மேற்கொண்டு வேலையே” என்று அவர் வருகிறவர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். பூசி, கோத்து, இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பைத் திருகிவைத்த பிறகு, வழிந்த பசையை ஈரத்துணியால் துடைப்பாள். நாள் முழுக்க ஈரம். மதியம் கையைக் கழுவி, தேன்காரர் கொடுத்த மெழுகுக் களிம்பைத் தடவிக்கொண்டு மறுபடி உட்காருவாள். எண்களை மட்டும் அவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் பெட்டியின் முதுகில் சுட்டு எழுதுவார்.

ஒன்பது வருஷம் அவர்கள் வேறொரு பசையில் வேலை செய்தார்கள். பொடியாக வரும். திரவம் ஒன்றைச் சேர்த்துக் கலக்கவேண்டும். இறுகினால் கல். ஆனால் கலக்கும்போது கிளம்புகிற நெடி இருக்கிறதே, கண் எரியும், மூக்குக்குள் ஊசி ஏறும். அந்தப் பசை போட்ட பெட்டியை இரண்டு வாரம் காற்றாட வைக்காவிட்டால் ஈக்கள்கூட உள்ளே போக மாட்டேன் என்று வாசலிலேயே மொய்த்துக்கொண்டு நிற்கும். ஈக்கு இருந்த புத்தி பெட்டிக்காரருக்கு இல்லை. மார்புச்சளி என்றார், தூசி என்றார், பனி என்றார். கடைசியில் ஒருநாள் பலகையைத் தூக்கியவர் இறக்கி வைக்க மூச்சில்லாமல் அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, ஊதச் சொல்லிப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“என்ன பசை உபயோகிக்கிறீங்க?”

பிறகு பசைக்காரியைப் பார்த்து, “இவர்கிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல போலிருக்கு, உங்ககிட்ட சொல்றேன். அந்த நெடி இவருக்கு ஆகவே ஆகாது. இன்னும் ரெண்டு வருஷம் இதையே மோந்தார்னா அப்புறம் என்கிட்ட வரவேண்டியதில்ல” என்றார்.

அன்றைக்கே அவள் பசைக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு பேச்சுப் பிரியர்.

“எதை ஒட்டணும்மா?”

“தேனீப் பெட்டி.”

“வீட்டுக்குள்ள இருக்கறதா, வெளிய இருக்கறதா?”

“உள்ள ஈ, வெளிய மழை.”

“ரெண்டுக்கும் ஒத்துப்போறதா வேணும். மாப்பிள்ளை பாக்கற மாதிரிதான். ஒண்ணு பாத்தா ஒண்ணு இருக்காது.”

அவள் பார்த்தாள். முதலில் மேசை நாற்காலிக்குப் போடுகிற சாதாரண வெள்ளைப் பசை. ஒட்டிய துண்டை ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டாள், காலையில் இரண்டு துண்டும் தனித்தனியாக மிதந்தன. அடுத்தது தேன் நிறத்தில் ஒன்று. ஈரம் பட்டதும் நுரைத்து மூட்டுக்கு வெளியே பொங்கி வழிந்தது. பிடிமானம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையில் பட்டது ஒரு வாரம் போகவில்லை, இறுகிய நுரை பெட்டிக்குள் முள்முள்ளாக நின்றது. ஈக்கள் அதைக் கடித்துக் கடித்துத் துப்பும், நமக்குச் சாபம் கொடுக்கும் என்று தேன்காரர் சிரித்தார். மூன்றாவதாகத்தான் இது. தண்ணீர் தாங்குகிற வெள்ளைப் பசை. நெடி இல்லை. ஒட்டிய துண்டுகளை அவள் பழைய பாத்திரத்தில் போட்டு நாலு மணி நேரம் கொதிக்க வைத்தாள், ஒரு நாள் வெயிலில் காயவைத்தாள், மறுபடி கொதிக்க வைத்தாள்.

“என்ன, இன்னிக்கு மரம்தான் சாப்பாடா?” என்று அவர் எட்டிப்பார்த்தார்.

“உளியைக் கொண்டாங்க. பேசாம உடைச்சுப் பாருங்க.”

அவர் உளியை மூட்டில் வைத்து அடித்தார். மூட்டு விடவில்லை, பக்கத்து மரம் பிய்ந்தது. இன்னொரு துண்டு. அதிலும் மரம்தான் பிய்ந்தது. பசை தோற்றால் மூட்டு வழவழவென்று பிரியும், மரம் பிய்ந்தால் பசை ஜெயித்தது என்று அர்த்தம். அவருக்கு அது தெரியும். தெரிந்தும், “சரி, உன் இஷ்டம்” என்று மட்டும் சொன்னார். தேன்காரரின் நாற்பது பெட்டிகளும் அந்தப் பசையில்தான் செய்தார்கள். மூன்று மாதத்தில் அவர் இருமல் பாதியாகக் குறைந்தது. அதையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் தேன்காரர் கண் திறக்க முடியாத நிலையில் கிடந்தார். இமை இரண்டும் வீங்கி மூடியிருந்தன. உதடு பருத்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஊசி போட்டு மூச்சை மீட்டுவிட்டார்கள், உயிருக்கு இனிப் பயமில்லை என்றார்கள். வெளியே பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் புடவையெல்லாம் தேன் பிசுபிசுப்பு. பெட்டிக்காரர் அவள் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி, பசை ஏமாத்திடுச்சும்மா. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.”

“இன்னும் முப்பத்தொம்பது பெட்டி ஈயோட அங்க நிக்குதுண்ணே. சூரியகாந்தி முடியப் போகுது, பத்து நாள்ல லாரி வரும். நான் எதை நம்பித் தூக்குவேன்? பெட்டியைச் சுத்திப் பட்டை போட்டுக் கட்டலாமா?”

“முப்பத்தொம்பதுலயும் அதே பசைதான். பட்டை எத்தனை மூலையைத் தாங்கும்? அதுல ஏத்தி ரோட்டுல கொட்டவா? வேணாம். நான் பழைய பசையில புதுசு செஞ்சு தர்றேன். முப்பத்தொம்பதும்.”

“பத்து நாள்லயா?”

“தூங்காம செய்யறேன்.”

பக்கத்தில் நின்ற பசைக்காரிக்குக் கண்ணீர் கொட்டியது. தேன்காரரின் மனைவி எழுந்துவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க எதுக்கு அண்ணி அழறீங்க? நீங்க என்ன செய்வீங்க, டப்பாவுல இருக்கறதைத்தானே எடுத்து வெச்சீங்க” என்றாள். இந்த ஆறுதல் பின்னால் எப்படியெல்லாம் குத்தப்போகிறது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாளே பொடிப் பசை வந்து இறங்கியது. பட்டறையில் பழைய நெடி திரும்பி வந்து, சமையல்கட்டு தாண்டி, முன்னறைத் தலையணை வரைக்கும் ஏறியது. வாய்க்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அவர் தானே கலக்கி, தானே பூசினார்.

“தள்ளுங்க, நான் பூசறேன்.”

“நீ பூசினது போதும்.”

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “உன்னைச் சொல்லலம்மா. இந்த நாத்தம் உனக்கு எதுக்குன்னு சொன்னேன்” என்று இழுத்தார். அவள் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள். அழக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. தான் கொதிக்கவைத்துக் கொதிக்கவைத்துப் பார்த்த பசை இப்படிக் கைவிட்டது எப்படி என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனிதர் பொய் சொல்லலாம், நாலு மணி நேரம் கொதித்த மரத்துண்டு பொய் சொல்லுமா?

பிரிந்த பெட்டியின் பலகைகளைக் கொண்டுவந்து பட்டறை மூலையில் சாத்தியிருந்தார்கள். முதுகில் முப்பத்து நாலு என்று சுட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவர் மரம் வாங்கப் போயிருந்தபோது அவள் அதை வெளிச்சத்துக்கு இழுத்துவந்து உட்கார்ந்தாள். பல்லின் ஒரு பக்கத்தில் பசை அப்படியே காய்ந்திருந்தது. நகத்தை வைத்து நெம்பினாள். ஆறிய பாலில் ஆடை எடுப்பதுபோல முழுசாகக் கையோடு வந்தது. எதிர்ப் பல்லில் ஒன்றுமே இல்லை, பசை அந்த மரத்தைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. ஒட்டியிருந்த தேனைக் கழுவலாம் என்று சொம்புத் தண்ணீரை ஊற்றினாள். பலகையின் நடுவில் விழுந்த தண்ணீரை மரம் குடித்தது. பல்லில் விழுந்தது குடிக்கப்படவில்லை. முத்து முத்தாக உருண்டு நின்றது.

அவள் இன்னொரு பல்லிலும் ஊற்றினாள், அங்கேயும் உருண்டது. பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

முதல் இருபத்திரண்டு பெட்டிகளை ஏற்றிப்போக வந்த அன்றைக்குத்தான் தேன்காரர் அவள் கையைப் பார்த்துப் பதறினார். “என்ன அண்ணி, கை இப்படி வெடிச்சுக் கிடக்கு? உப்புப் பட்டா உயிர் போயிடுமே” என்றவர், லாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார். தேன்மெழுகை எண்ணெயில் உருக்கிச் செய்த களிம்பு. “எங்க ஈ கொடுத்த மருந்து. ராத்திரி மட்டுமில்ல, வேலைக்கு நடுவுலயும் தடவுங்க, தோல் விடாது.” அவள் தடவினாள். வெடிப்பு மூடியது. மெழுகு ஊறிய அதே கட்டைவிரலால்தான் இருபத்து மூன்றாம் பெட்டியிலிருந்து ஒவ்வொரு பல்லையும், ஒவ்வொரு இடுக்கையும் அழுத்தி அழுத்திச் சுத்தம் செய்தாள். சோம்பேறியாக இருந்து துடைக்காமல் விட்டிருந்தால் பெட்டி நின்றிருக்கும்.

அப்போதும் அவள் நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. நான்கு துண்டு வெட்டினாள். ஒரு ஜோடியை வெறும் விரலால் துடைத்தாள், இன்னொரு ஜோடியைக் களிம்பு விரலால். அதே டப்பா, அதே வெள்ளைப் பசை. சனிக்கிழமை மாலை முதல் ஜோடியை முறுக்கிப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டாவது, பிஸ்கட் உடைகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அவள் நான்கையும் அடுப்பில் போட்டாள்.

நல்லவள்தான் அவள். ஆனாலும் ஞாயிறும் திங்களும் வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். பசை மீது பழி இருக்கிறவரைக்கும் அவளுக்கு எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். பசை வாய் திறந்து மறுக்கப்போவதில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று ஆயிரம் முறை ஓட்டிப்பார்த்தாள். அந்த மனிதரின் வீங்கிய கண்ணுக்குத் தான்தான் காரணம் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவள் முகத்தில் இனி எப்படி விழிப்பது? இத்தனை நினைத்தாலும் பின்னால் பட்டறையில் அவர் இருமுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இருமலாக இருந்தது, திங்கட்கிழமை இழுப்பாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை டீ கொண்டுபோனபோது அவர் மரத்தூளில் உட்கார்ந்து இரண்டு கையையும் தரையில் ஊன்றியிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஊதுகிற மருந்தைத் தேடி எடுத்து வாயில் வைத்து அமுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சு திரும்பியதும் அவர் செய்த முதல் காரியம் பசைத் தூரிகைக்குக் கை நீட்டியதுதான்.

“காஞ்சு போயிடும்... குடு.”

அவள் தூரிகையை எடுத்து வெளியே தோட்டத்தில் வீசினாள்.

“பைத்தியமா உனக்கு?”

“பசை நல்ல பசைங்க. பசையில ஒரு குத்தமும் இல்ல. நான்தான்.”

“என்ன நீதான்?”

அவள் சொன்னாள். களிம்பு, கட்டைவிரல், உருண்டு நின்ற தண்ணீர், முறித்துப்பார்த்த துண்டுகள், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். அவர் டீயைத் தள்ளிவைத்தார்.

“எப்ப தெரியும் உனக்கு?”

“வெள்ளிக்கிழமை சந்தேகம். சனிக்கிழமை நிச்சயம்.”

“இன்னிக்கு என்ன கிழமை?”

“செவ்வாய்.”

“மெழுகு பட்டது தப்பில்லடி. யாருக்குத் தெரியும் அது? நான் பாத்திருந்தாலும் எனக்குத் தோணியிருக்காது. ஆனா மூணு நாளா நான் இதை மோந்துக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் சமைச்சுக்கிட்டு இருந்திருக்க.”

அவர் கத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் சாதாரணமாகப் பேசினார், மூச்சு விட்டு விட்டுப் பேசினார். அவளுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

“அடிச்சுடுங்க என்னை.”

“அதுக்கு வேற மூச்சு வேணும்.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “எத்தனாவது பெட்டியிலேருந்து?”

“இருபத்து மூணு.”

“இருபத்து மூணுலேருந்து நாப்பது. பதினெட்டு. விழுந்தது ஒண்ணு. அப்ப பதினேழு.” அவர் முகத்தில் இத்தனை நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது. “பதினேழுன்னா பட்டை போட்டே லாரிக்குத் தாங்க வெச்சிடலாம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு. தங்கச்சிகிட்ட யார் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“நீதான் சொல்லணும்” என்றார்.

சூரியகாந்திகள் தலையைத் தொங்கப்போட்டு நின்ற வயலோரம், மரவரிசையின் கீழே பெட்டிகள் நின்றன. பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. தேன்காரரின் மனைவி புகைபோடுகிற டப்பாவைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கண் திறந்துவிட்டார், நேற்று அரைக் கிளாஸ் பால் குடித்தார் என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பசைக்காரி சொல்லவேண்டியிருந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னாள். சனிக்கிழமையே தெரிந்ததையும் விட்டுவிடாமல் சொன்னாள்.

தேன்காரரின் மனைவி புகை டப்பாவைக் கீழே வைத்தாள்.

“நேத்து நான் இங்க ரெண்டு பெட்டியைத் தனியா நகர்த்தி வெச்சேன்” என்றாள். “முப்பத்தொண்ணு ஒண்ணு. முப்பத்தாறு ஒண்ணு. என் பொண்ணு அந்த மரத்தடியில உக்காந்து எழுதிக்கிட்டு இருந்தா.”

பசைக்காரி அந்த மரத்தடியைப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியில உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் ஆறுதல் சொன்னேன் இல்ல?” அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு முக வலையையும் கையுறையையும் எடுத்துப் பெட்டிக்காரரிடம் நீட்டினாள். “அண்ணிகிட்ட கொடுங்க” என்றாள், அண்ணி ஒரு முழத் தூரத்தில் நிற்கும்போதே.

வேலை ஆரம்பித்தது. அடியில் ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, நாலு சுவரையும் சுற்றி இழுத்துப் பூட்டில் இறுக்கவேண்டும். தேன்காரரின் மனைவி பெட்டி வாசலில் புகை விடுவாள். பெட்டிக்காரர் பட்டையை இழுப்பார். எந்த மூலை விடப் பார்க்கிறது என்று தொட்டுச் சொல்வது பசைக்காரி. கையுறை போட்ட விரலுக்கு மயிரிழை விரிசல் தெரியவில்லை. இரண்டாவது பெட்டியிலேயே அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“போடு அதை” என்றார் அவர்.

“போட்டா தெரியலங்க.”

இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. சில மூலைகள் கல்லாக நின்றன, சிலவற்றில் விரல் நுனிக்கு ஒரு சின்ன இடைவெளி தட்டியது. ஆறு பெட்டி முடியும்போது தூறல் விழ ஆரம்பித்தது. வெளியே போயிருந்த ஈக்களெல்லாம் அவசரமாகத் திரும்பி வந்தன. மழை வருகிற நேரத்தில் அவற்றுக்கு நல்ல குணம் கிடையாது. இருபத்தொன்பதாம் பெட்டி தேனால் கனத்திருந்தது. அவர் கீழ்ப் பட்டையை இறுக்கினார். கீழே இறுகியது, அந்த இறுக்கத்தில் மேல் மூலை டப்பென்று ஒரு சத்தத்தோடு பிளந்தது.

பசைக்காரி இரண்டு உள்ளங்கையையும் மூலையின் இரண்டு பக்கத்திலும் வைத்து நெருக்கினாள். மார்பைக் கொடுத்து அழுத்தினாள். பிளவு மூடியது, முழுக்க மூடவில்லை. விரல்களுக்கு நடுவே ஈக்கள் வழிந்து வெளியே வந்தன. முதல் கொட்டு மணிக்கட்டில். அடுத்தது கட்டைவிரல் அடியில். அதற்கப்புறம் தனித்தனியாகத் தெரியவில்லை.

“விட்டுட்டு ஓடு! விடுடீ!”

“விட்டா மொத்தமும் கொட்டும். மேல் பட்டையைப் போடுங்க.”

அவர் பட்டையை மேலே சுற்றினார். மூச்சு இழுத்தது. ஈரத்தில் பட்டை பூட்டுக்குள் போகாமல் வழுக்கியது. ஒரு முறை தவறவிட்டார், இன்னொரு முறை தவறவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். கை மரத்துப்போய், தான் இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருக்கிறோமா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது. அப்போது தன் கைகளின் மேல் இன்னும் இரண்டு கைகள் வந்து விழுவதை உணர்ந்தாள். தடித்த கையுறைக் கைகள். அவள் விரல்களை முழுக்க மூடி, பின்னாலிருந்து முழு பலத்தையும் கொடுத்து அழுத்தின. தேன்காரரின் மனைவி காதோரம் மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள்.

“இழுங்கண்ணே!”

பட்டை பூட்டுக்குள் நுழைந்தது. ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. விரல்களுக்கு நடுவே இருந்த வழி அடைத்துக்கொண்டது.

“போதும் அண்ணி, கையை எடுங்க.”

“இன்னும் ஒரு இழுப்பு” என்றாள் பசைக்காரி. அவர் இழுத்தார். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. தேன்காரரின் மனைவிதான் ஒவ்வொரு விரலாக மரத்திலிருந்து பிரித்து எடுத்தாள். பிறகு தன் கையுறையைக் கழற்றி, தூறலில் நின்றபடியே, அந்தக் கையிலிருந்த கொடுக்குகளை நகத்தால் வழித்து வழித்துப் போட ஆரம்பித்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

“எத்தனை பெட்டி மீதி?” என்று அவளிடமே கேட்டாள்.

“பத்து.”

“இன்னொரு கையைக் காட்டுங்க” என்றாள்.